கற்பித்தற் சாதனங்களும் சமூகப் பொறுப்பும்: மாத்தளை மாவட்டத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் சட்டங்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் பாடத்திட்ட மாற்றங்களையும் முதன்மைப்படுத்துவது வழக்கம். ஓலை, மணல், கற்பலகை, வானொலி, கணினி ஆகிய கற்பித்தற் சாதனங்கள் அவர்தம் கவனத்தை அத்துணை ஈர்ப்பதில்லை. காலம் மாறக் கருவியும் மாறும் என்ற அளவில் அவற்றைக் கூறி அப்பாற் சென்றுவிடுவர். ஆயின், ஒரு சமூகத்திற் கல்வி யாருக்கு உரியதாய் இருந்தது என்பதை அறிய முற்படும்போது, இச்சாதனங்கள் யார் கையில் இருந்தன, அவற்றின் செலவை யார் ஏற்றனர் என்பன தவிர்க்கவியலாத வினாக்களாகின்றன. டிஜிட்டல் தொழில்நுட்பம் வகுப்பறையையே மாற்றியமைத்துவிடும் என்று பேசப்படும் இக்காலத்தில் இவ்வினாக்கள் மேலுங் கூர்மை பெற்றுள்ளன.

இவ்வினாக்களை மாத்தளை மாவட்டத்தில் வைத்து நோக்க நாம் விழைவதற்குக் காரணங்கள் இரண்டு. வாய்மொழியாகப் பேணப்பட்ட கல்வி ஏட்டில் ஏறிய பெரு மாற்றம் நிகழ்ந்த இடமாக மரபு சுட்டுவது இம்மாவட்டத்து அலுவிகாரையையே. அடுத்து, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 484,531 மக்கள் வாழ்ந்த இம்மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே. நுவரெலியா மாவட்டத்திற்போலப் பெருந்தொகையினராகத் திரண்டு வாழாது, தேயிலை, இறப்பர், கொக்கோ, வாசனைத் திரவியத் தோட்டங்களிலும் சிறு நகர்களிலும் அவர்கள் சிதறி வாழ்கின்றனர். புதிய சாதனம் எதுவும் இத்தகைய சமூகத்தை எவ்வாறு வந்தடைகின்றது என்பது அச்சாதனத்தின் உண்மையான சமூகப் பெறுமதியைக் காட்டும் உரைகல்லாகும்.

ஓலையும் சங்கமும்

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழி ஓதிப் பேணப்பட்டு வந்த பௌத்த மறைநூல்கள் எழுத்தில் வடிக்கப்பட்டன என்பதைத் தீபவம்சமும் மகாவம்சமும் கூறுகின்றன. அது மாத்தளை நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுவிகாரையில் நிகழ்ந்ததென்பது பிற்கால மரபு. அது போரும் கொடும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம். நூல்களை நெஞ்சில் தாங்கிய பிக்குகள் மடிந்தால் நூல்களும் உடன் மடியும் என்ற அச்சமே நினைவின் இடத்தில் ஓலையை அமர்த்தியது எனலாம்.

இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. நெருக்கடி ஒன்று கல்வியின் ஊடகத்தை மாற்றியபோது, புதிய ஊடகம் சங்கத்தின் பொதுச் சொத்தாகவே அமைந்தது. ஓலை சீவுவோரும் எழுதுவோரும் படியெடுப்போரும் அடங்கிய அமைப்பொன்று அதனைத் தாங்கி நின்றது. கற்க வந்தவன் தன் ஓலையைத் தானே விலைகொடுத்து வாங்கிவர வேண்டும் என்ற நிபந்தனை அங்கு இருக்கவில்லை. அக்கல்வி சமூகம் முழுமைக்கும் திறந்திருந்தது என நாம் வாதிடவில்லை. கற்போர் வட்டம் குறுகியதே. எனினும், அவ்வட்டத்துள் சாதனம் பொதுவானதாக இருந்தது.

மணலும் கற்பலகையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவியபோது, தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை ஊடாக மாத்தளையை நோக்கி நடந்தனர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இலேதான். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் தம்முடன் கொணர்ந்தவற்றுள் தமிழகத்துத் திண்ணைப் பள்ளி மரபும் ஒன்றாகும்.

அம்மரபின் உலக வரலாற்றுப் பங்கு பலரும் அறியாதது. 1790களிற் சென்னை எழும்பூரில் இயங்கிய படைவீரர் அநாதைச் சிறுவர் காப்பகமொன்றின் மேற்பார்வையாளராயிருந்த அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் காப்பகத்திற் புகுத்தி, கற்ற மாணவனே கல்லாத மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு இணைத்து, 1797இல் இலண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்ற அது, குறைந்த செலவிற் பெருந்தொகையான ஏழைச் சிறுவருக்கு எழுத்தறிவூட்டும் வழியாக இங்கிலாந்திற் பரவிற்று. தமிழ்ச் சிறுவரின் மணல் ஆங்கிலக் கைத்தொழிற் சமுதாயத்தின் கல்விப் புதுமையானது. அதே தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தோரின் பிள்ளைகளுக்கோ, ஒரே ஆசிரியர் ஒரே கொட்டிலில் எல்லா வகுப்புகளையும் நடத்தும் பள்ளியே நெடுங்காலம் கிடைத்தது.

1854ஆம் ஆண்டளவில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களிற் சில பள்ளிகளை நடத்தியது. அரசின் கவனம் இத்துறையின்பாற் திரும்ப மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1905இல் அமைந்த வேஸ் ஆணைக்குழு தோட்டப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராய்ந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட உடைமையாளர் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஓரளவு இறுக்கியது.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது முற்போக்கான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆயின் அதன் உட்கிடை வேறு. இளங்கரங்களின் உழைப்பில் நயங்கண்ட துரைமாரிடமே அக்கரங்களிற் கற்பலகையைக் கொடுக்கும் கடமை ஒப்படைக்கப்பட்டது. சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனையை நிறைவேற்றுவதே நிருவாகத்தின் எல்லையாயிற்று. கற்பலகை அங்கு அறிவுக்கான கருவியாக இருந்தது எத்துணை உண்மையோ, பரிசோதகருக்குக் காட்டும் சான்றுப் பொருளாக இருந்ததும் அத்துணை உண்மையாகும். தனியார் பொறுப்பிற் கல்வியை விடுவதன் விளைவு இதுவே.

பொதுப் பொறுப்பின் தாமதமான வருகை

சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் ஏனைய பகுதிகளிற் சமூகப் பெயர்வுக்கு அது வித்திட்டது. தோட்டப் பாடசாலைகளோ அதன் முழுப் பயனையும் பெறவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களின் அரசியற் குரலைப் பறித்தது. வாக்கற்ற மக்களின் பள்ளிக்காகப் பாராளுமன்றத்தில் வாதிடுவோர் அருகினர். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை 1960-61இல் அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கிவிடப்பட்டன.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் கட்டங் கட்டமாக அரசின் பொறுப்பிற்கு வந்தன. 1980களின் நடுப்பகுதியிற் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. இலவசக் கல்வி தோட்டத்தின் வாயிலைக் கடக்க மூன்று தசாப்தங்களுக்கு மேற் சென்றன என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். பின்வந்த கணினி யுகத்தை இப்பாடசாலைகள் எதிர்கொண்டது இப்பின்னணியிலேயே.

கணினியின் வருகை

2003இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து 'நெனசல' என்னும் அறிவக நிலையங்கள் கிராமப்புறங்களில் திறக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010களின் முற்பகுதியில், ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளை மேம்படுத்தும் திட்டத்தின்கீழ்த் தொழில்நுட்ப ஆய்வுகூடங்கள் எழுந்தன. 2013இல் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பத் துறை புகுத்தப்பட்டது.

இவை அனைத்தும் பொதுச் செலவில் அமைந்தவை என்ற வகையில் வரவேற்கத்தக்கவை. எனினும் இவற்றின் பங்கீடு பழைய படிநிலையையே பின்பற்றிற்று. ஆய்வுகூடம் பெற்றது இடைநிலைப் பாடசாலை. உயர்தர வகுப்புகள் உள்ள பாடசாலையே தொழில்நுட்பத் துறையைத் தொடங்க இயலும். பெருந்தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவையோ ஆரம்ப வகுப்புகளோடு, அல்லது சாதாரண தரத்தோடு முடிவன. மாத்தளை நகரின் பெரிய தமிழ்ப் பாடசாலைகளுக்குக் கிட்டிய வாய்ப்பு, எல்கடுவையிலோ இறத்தோட்டைக்கு மேலுள்ள மலைச்சரிவிலோ வாழும் பிள்ளைக்குக் கிட்ட வேண்டுமாயின், அப்பிள்ளை முதலிற் பேருந்துக் கட்டணத்தைத் தேடியாக வேண்டும்.

இதற்கு மாறான ஒரு வழியும் அயல் மாவட்டத்திற் பரீட்சிக்கப்பட்டது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமுதாய வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் இணையத்தை வானொலியோடு இணைத்தது. நேயர்கள் வினாக்களை அனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, துறை அறிந்தோரின் துணையுடன் அதனை மக்கள் மொழியில் விளக்கினர். வீட்டிற் கணினி இல்லாதவனும் ஒரு சிறு வானொலிப் பெட்டியின் துணையோடு இணையத்திற் பங்குகொண்டான். அதன் ஒலிபரப்புப் பெரும்பாலும் சிங்களத்தில் அமைந்தமையால் அண்மைத் தோட்டங்களின் தமிழ் மக்கள் பெற்ற பயன் மட்டுப்பட்டதே. ஆயினும், புதிய தொழில்நுட்பத்தைப் பொதுவுடைமையாகப் பயன்படுத்தல் இயலும் என்பதற்கு அது நம் மலைநாட்டிலேயே கிடைக்கும் சான்றாகும்.

2020: பொறுப்பு இடம்பெயர்ந்த கதை

கொவிட் பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 13ஆந் திகதி முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும், 2021 ஒக்டோபர் வரை இந்நிலை நீடித்தது. அலுவிகாரையிற் போலவே நெருக்கடி ஒன்று கல்வியின் ஊடகத்தை மாற்றிற்று. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளமும் 'குருகெதர' தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இருந்தபோதிலும், அன்றாட வகுப்பு கைத்தொலைபேசியின் வழியே, வாட்ஸ்அப் குழுக்களிலும் சூம் செயலியிலுமே நடந்தது.

அக்கைத்தொலைபேசியை யார் வாங்கினர்? இணையத்துக்கான கட்டணத்தை யார் செலுத்தினர்? இவ்வினாக்களுக்கான விடையிலேதான் இம்மாற்றத்தின் உண்மை இயல்பு வெளிப்படுகின்றது. 2018இல் லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம் நடத்திய மதிப்பீட்டின்படி, இலங்கையிற் பாடசாலை வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 48 சதவீதமானவற்றிலேயே திறன்பேசியோ கணினியோ இருந்தது. இணைய இணைப்பு இருந்த வீடுகள் 34 சதவீதம் மாத்திரமே. இது நாடளாவிய கணக்கு. நாட்கூலியை நம்பிய லயன் குடும்பத்தில், மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி என்ற நிலையில், அதுவும் கொழுந்து மலைக்குச் செல்லும் தாயின் அல்லது தந்தையின் கையோடு சென்றுவிடும் நிலையில், வகுப்பு எந்நேரத்தில் நடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 2021இல் ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டுவழியே நடந்து பாறையேறிப் பாடம் பயின்ற செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடிப்புகளிற் கிடக்கும் மாத்தளைக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அது அயலூர்க் கதையன்று.

இவ்விடத்து ஓர் ஒப்புநோக்கு அவசியமாகின்றது. பேராதனையைத் தளமாகக் கொண்ட இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு, தொலைபேசி நிறுவனங்களின் ஒத்துழைப்புடன், பல்கலைக்கழக மாணவர் கட்டணமின்றி இணைய வகுப்புகளிற் சேர 2020இல் வழிசெய்தது. பொது நிறுவனமொன்று முன்வந்து செலவை நீக்கியமையால், வசதி குறைந்த மாணவரும் பங்குகொள்ள முடிந்தது. பாடசாலைப் பிள்ளையின் அன்றாட வகுப்புக்கு அவ்வாறான பொது ஏற்பாடு அமையவில்லை. பல்கலைக்கழக வாயிலை ஏற்கெனவே அடைந்தவனுக்கு இலவசம். அங்கு வந்தடைய வேண்டிய சிறுமிக்குக் கட்டணம். இம்முரண்பாட்டைப் பல்கலைக்கழகத்தவராகிய நாம் கூர்ந்து நோக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆசிரியர் நிலையும் இத்தகையதே. தம் சொந்தக் கருவியில், தம் சொந்தச் செலவிற் கற்பித்த ஆசிரியர்கள், 2021 ஜூலையிற் சம்பள முரண்பாட்டை முன்னிறுத்தி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். திரையின் பின்னால் உழைக்கும் மனிதர் ஒருவர் இருக்கின்றார் என்பதை அப்போராட்டம் நாட்டுக்கு நினைவூட்டிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 21இல் இருநூறுக்குக் குறைந்த மாணவர் பயிலும் ஆரம்பப் பாடசாலைகளே முதலில் திறக்கப்பட்டன. சிறியவை என நெடுங்காலம் குறைவாக மதிக்கப்பட்ட தோட்டப் பள்ளிகள், பிள்ளைகளை மீண்டும் ஒன்றுசேர்த்த முதல் இடங்களுள் அடங்கின. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதும், எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மூடப்பட்டு இணைய வகுப்பு மீண்டும் முன்மொழியப்பட்டதும், இவ்வூடகத்தின் பொருளியல் அடித்தளம் எத்துணை நொய்தானது என்பதைப் புலப்படுத்தின.

முடிவாகச் சில

1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளையின் கல்வியைத் தோட்ட உடைமையாளரின் பொறுப்பாக்கிற்று. 1977இன் பின்னர் அது அரசின் பொறுப்பாயிற்று. 2020இலோ சட்டம் எதுவும் இயற்றப்படாமலே, விவாதம் எதுவும் நடைபெறாமலே, அப்பொறுப்பின் பெரும் பகுதி பெற்றோரின் மடிச்சீலைக்கு மாற்றப்பட்டது. டிஜிட்டல் கல்வி பற்றிய எமது மதிப்பீடு இவ்வுண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இதனால் நாம் தொழில்நுட்பத்தை வெறுக்கின்றோம் என எவரும் கருதற்க. சிதறி வாழும் சிறுபான்மைச் சமூகத்துக்கு அதன் தேவை ஏனையோரிலும் அதிகம். விஞ்ஞான, கணித ஆசிரியர் கிடைக்காத தமிழ்மொழிப் பாடசாலைக்குத் தொலைவிலுள்ள நல்லாசிரியரின் குரலைக் கொணர அதனால் இயலும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றி எவரும் வாசிக்கும் வண்ணம் சேர்த்து வருகின்றது. அரிய மலையக வெளியீடுகளையும் அதன் வழியே இன்று வாசிக்க முடிகின்றது. ஓலைக்குச் சங்கம் எவ்வாறோ அவ்வாறே திரைக்கும் ஒரு பொது அமைப்பு வேண்டும் என்பதை இம்முயற்சி மெய்ப்பிக்கின்றது.

ஆகவே, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கருவி என்ற முழக்கத்துக்கு முன்னர், ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் மாலை வேளையிலும் திறந்திருக்கும் கணினி அறை, அதற்கெனப் பயிற்றப்பட்ட ஆசிரியர், கட்டணமற்ற இணைப்பு, தமிழில் ஆக்கப்பட்ட பாடம் ஆகியவற்றையே நாம் கோருதல் வேண்டும். கருவி பொதுவானதாக இருக்கும் இடத்திலேயே கல்வியும் பொதுவானதாக இருக்கும். அலுவிகாரையின் ஓலையும், தோட்டத்துக் கற்பலகையும், நேற்றைய கைத்தொலைபேசியும் எமக்கு உணர்த்தும் வரலாற்றுப் பாடம் இதுவே.