பழைய குளத்துக்கு மாற்றாகப் புதிய நீச்சல் குளம்: திட்டத் தாளிலேயே எழுதப்பட வேண்டிய சமத்துவம்

ஓர் ஊரின் பொதுக்குளியலிடம் சிதைந்துவிட்டால், அதைச் செப்பனிடுவதா, வேறொன்று கட்டுவதா என்பதைப் பொறியாளரின் மதிப்பீடே தீர்மானிக்கும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் எங்கே கட்டுவது, யார் நடத்துவது, என்ன கட்டணம் வாங்குவது ஆகிய முடிவுகள், அந்த நீரில் யார் இறங்க முடியும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகின்றன. தீண்டாமைக்கு எதிரான சட்டங்கள் பெரும்பாலும் குற்றம் நடந்த பிறகே இயங்கத் தொடங்கும். விலக்கலைத் தடுக்கும் வேலையோ திட்டக் கட்டத்திலேயே நடந்தாக வேண்டும்.

மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால், சமணர் மலைக்கோயிலுக்காக அறியப்பட்ட ஊர். அதைச் சுற்றிய கன்னியாகுமரி மாவட்ட ஊர்களில், நகரத்து நீச்சல் குளத்தின் வேலையை நெடுங்காலமாக ஊர்க்குளங்களே செய்துவந்துள்ளன. குளிப்பதும் துவைப்பதும் சிறுவர் நீச்சல் பழகுவதும் அங்கேதான். படித்துறை இடிந்து பாசி படர்ந்த ஒரு குளத்துக்கு மாற்று தேடும் யோசனை எழும்போது தலித் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகளையும், அவற்றுக்குத் துணைநிற்கும் சட்டங்களையும் இக்கட்டுரை தொகுக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் சுமார் 20 விழுக்காடு. கன்னியாகுமரி மாவட்டத்திலோ ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே. கிராம சபையில் கைகளை எண்ணினால் தலித் மக்களின் குரல் எளிதில் தோற்றுவிடும். எனவே இங்கே எண்ணிக்கையை நம்பி நிற்க முடியாது. உரிமையை நம்பித்தான் நிற்க வேண்டும்.

நீரும் விலக்கலும்

1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த இந்த மண்ணில், நீர் என்பது சாதியின் எல்லைக்கோடாகவே இருந்தது. அய்யா வைகுண்டர் (1809–1851) சாமிதோப்பில் எல்லாச் சாதியினரும் பயன்படுத்தும் முந்திரிக் கிணற்றை ஏற்படுத்தியது அந்த எல்லையை மீறிய செயல். திருவிதாங்கூர் அரசின் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்றுதான்.

மகாடு நமக்குக் கற்பிக்கும் பாடம் இன்னும் கூர்மையானது. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் 1924-இல் சவதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளில் கிடந்தது, குளம் திறக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் அவரோடு சென்ற மக்களும் அந்நீரை அள்ளிப் பருகிய பிறகு, நகராட்சி தன் தீர்மானத்தையே அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்பப் பெற்றது. தொன்றுதொட்ட வழக்கம் என்ற சாதி இந்துக்களின் வாதம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1937 மார்ச்சில் கூறியது. பத்தாண்டுக் கால வழக்கு அது.

பழைய குளத்துக்குத்தான் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், புதிய கட்டுமானத்தில் அது இருக்காது என்று நம்புவதற்கும் இடமில்லை. கர்நாடக அரசு எதிர் அப்பா பாலு இங்களே வழக்கில் தலித் மக்கள் தடுக்கப்பட்டது புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில். தடுத்தவர்களை விடுவித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1992 டிசம்பரில் ஏற்க மறுத்தது.

சட்டம் தரும் பிடிமானங்கள்

அரசமைப்பின் 15(2) பிரிவு, அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, பொது இடம் ஆகியவற்றைச் சாதியின் பெயரால் யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. கடைகளுக்கும் பொதுக் கேளிக்கை இடங்களுக்கும் இதே விதிதான். இந்தப் பிரிவு தனியாரையும் கட்டுப்படுத்தும்.

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955: நீர்நிலையையும் படித்துறையையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 4-ஆம் பிரிவின்படி குற்றம். கோயில் சார்ந்த திருக்குளம் என்றால் 3-ஆம் பிரிவு பொருந்தும். விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்குமான இடங்களையும் இச்சட்டம் பொதுக் கேளிக்கை இடங்களாகவே கொள்வதால், கட்டணம் வாங்கும் நீச்சல் குளமும் இதற்குள் அடங்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989: 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, பொதுச் சொத்து வளங்களையும் நீர்நிலைகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 3(1)(za) பிரிவின்கீழ் வரும். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4-ஆம் பிரிவு இருக்கிறது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994: குளங்களைப் பராமரிப்பதும், குளிக்கவும் துவைக்கவும் நீர் வசதி செய்வதும் 110-ஆம் பிரிவின்படி ஊராட்சியின் கடமைகள். ஆகவே குளியலிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

மூடிவிடுவதும் கைமாற்றுவதும்

சமத்துவம் கட்டாயமாகும்போது வசதியையே ஒழித்துவிடும் தந்திரம் உலகறிந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில், கறுப்பினத்தவருக்கும் குளங்களைத் திறக்கும் நிலை வந்தபோது, நகர நிர்வாகம் தனக்குச் சொந்தமான நான்கு நீச்சல் குளங்களை மூடியது. குத்தகையில் நடத்திய ஐந்தாவதைக் கைவிட்டது. வெள்ளையருக்கும் இல்லை, கறுப்பருக்கும் இல்லை என்பதால் பாகுபாடு இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1971-இல் 5–4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் மோரீ நகரில், பழங்குடிச் சிறுவர்களை விலக்கிய நகரக் குளத்தின் வாசலில் 1965-இல் சார்லஸ் பெர்கின்ஸும் மாணவர்களும் நின்று போராட வேண்டியிருந்தது.

இங்கே இதே வேலை வேறு வடிவங்களில் நடக்கக்கூடும். பழைய குளம் பாதுகாப்பற்றது என்று மூடப்படும், மாற்று வராது. அல்லது புதிய குளம் சங்கத்திடமோ ஒப்பந்ததாரரிடமோ ஒப்படைக்கப்பட்டு, உறுப்பினர் சேர்க்கை என்ற பெயரில் வடிகட்டல் நடக்கும். அல்லது காலனிக்குத் தனிக் குளம் என்ற பெயரில் பிரிவினை சிமெண்டில் வார்க்கப்படும். நேரடியாகச் சாதியைச் சொல்லாத விதியும் பாகுபாடாகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் (2021) ஏற்றுள்ளது. பெண் ராணுவ அதிகாரிகள் தொடர்பான அந்தத் தீர்ப்பின் தர்க்கம், கட்டணத்துக்கும் உறுப்பினர் விதிக்கும் எதிராக வாதாடப் பயன்படும்.

திட்டத்தில் இடம்பெற வேண்டியவை

1. இடம்: தலித் குடியிருப்பிலிருந்து பொதுப்பாதை வழியே நடந்து செல்லக்கூடிய இடம். தனியார் நிலத்தையோ ஒரு சாதியின் தெருவையோ மட்டும் நம்பிய பாதை கூடாது.

2. பழைய நீர்நிலை: மாற்று என்பது பழைய குளத்தைத் தூர்ப்பதாகாது. நீர்நிலைகளைப் பாதுகாக்க ஹின்ச் லால் திவாரி வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

3. தொல்லியல் எல்லை: மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. சிதறால் மலையடிவாரத்தில் இடம் பார்ப்போர் இதை முதலிலேயே அளந்துகொள்ள வேண்டும்.

4. கட்டணமும் நிர்வாகமும்: இலவச நேரமும் சலுகைக் கட்டணமும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் தலித் பெண்களுக்கு உறுதியான இடம் வேண்டும். குத்தகை ஒப்பந்தத்தில், சாதி காரணமாக யாரையேனும் தடுத்தால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற நிபந்தனை வேண்டும்.

5. பாதுகாப்பும் அணுகலும்: நீரின் தரம் ஐ.எஸ். 3328 தரநிலைக்கு ஏற்ப இருக்க வேண்டும். உயிர்காப்பாளர் பணி உண்டு. மாற்றுத்திறனாளிகள் இறங்கும் வசதியை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் கோரலாம்.

6. பணியாளர்: நீச்சல் பயிற்றுநரும் உயிர்காப்பாளரும் ஒரு சாதியாகவும், தொட்டி கழுவுபவரும் கழிப்பறை துப்புரவாளரும் இன்னொரு சாதியாகவும் அமைந்தால் புதிய குளம் பழைய ஊராகவே இருக்கும். பணி நியமன முறையையும் திட்டமே சொல்ல வேண்டும்.

எங்கே கேட்பது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலக நீர் நாளான மார்ச் 22 இதற்குப் பொருத்தமானது. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவாவதை உறுதிசெய்ய வேண்டும். மதிப்பீடு, வரைபடம், ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டியல் சாதியினர் வளர்ச்சிக்கான நிதி செலவிடப்படுகிறதென்றால், 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைச் சுட்டி, அதன் பயன் யாருக்குப் போகிறது என்று கேட்கலாம். தடை ஏற்பட்டால் காவல் நிலையப் புகாரோடு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிலும் முறையிடலாம். அக்குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூடியாக வேண்டும்.

மகாடு மக்கள் பத்தாண்டு வழக்காடினார்கள், ஏனெனில் நகராட்சியின் தீர்மானத்தில் உரிமை இருந்தது. அதை நிறைவேற்றும் ஏற்பாடு இல்லை. புதிய குளத்துக்கு முதல் செங்கல் வைக்கும் முன்பே இடத்தையும் கட்டணத்தையும் நிர்வாகத்தையும் எழுத்தில் கட்டிவைத்தால், நம் பிள்ளைகள் நீதிமன்றப் படிகளுக்குப் பதிலாகக் குளத்தின் படிகளில் இறங்குவார்கள்.