சூடான மூடியும் ஒட்டிக்கொள்ளும் தட்டும்

டிஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் இயந்திரத்தின் மூடி 105 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அதன் கீழே, 96 குழிகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் நோயாளிகளின் மாதிரிகள் இருக்கும். சோதனை முடிந்து மூடியைத் தூக்கும்போது தட்டு அதனோடு ஒட்டிக்கொண்டு எழும்பாமல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். வெளியாருக்கு இது அற்ப விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த இயந்திரத்தின் நாற்பது ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி, மாதிரியை ஆவியாகாமல் மூடுவதிலும் மூடியதைச் சிதறாமல் திறப்பதிலும் கழிந்திருக்கிறது. முதலாவதற்குக் கண்ட தீர்வே இரண்டாவதைச் சிக்கலாக்கியது.

அமெரிக்காவின் சீட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய காரி மல்லிஸ் 1983இல் பிசிஆர் முறையைச் சிந்தித்தார். 1985 டிசம்பரில், அரிவாள் உருச் சிவப்பணு நோயைக் கண்டறிய அது பயன்பட்ட விதம் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. 1993இல் மல்லிசுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. முறை எளிமையானது. ஏறத்தாழ 95 பாகையில் டிஎன்ஏயின் இரு இழைகளும் பிரியும். 50 முதல் 65 பாகைக்குள் பிரைமர்கள் எனும் சிறு டிஎன்ஏத் துண்டுகள் அவற்றில் பொருந்தும். பின்னர் நொதியம் புதிய இழையை வளர்க்கும். சுற்றுக்கு ஒருமுறை டிஎன்ஏ இரட்டிக்கும். தொடக்கத்தில் வெவ்வேறு வெப்பநிலை நீர்த்தொட்டிகளுக்கு இடையே குழாய்களைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வெப்பத்தால் நொதியம் செயலிழந்ததால் ஒவ்வொரு முறையும் குழாயைத் திறந்து புதிதாக ஊற்றவும் வேண்டியிருந்தது.

யெலோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து தோமஸ் புரொக்கும் ஹட்சன் பிரீசும் பிரித்தெடுத்து 1969இல் விவரித்த ஒரு பற்றீரியா அந்தத் தொல்லையைத் தீர்த்தது. அதன் நொதியமாகிய டாக், கொதிநிலைக்கு அருகிலும் தாக்குப்பிடித்தது. இனி இடையில் திறக்கத் தேவையில்லை. 1987இல் பேர்கின்-எல்மர் நிறுவனமும் சீட்டசும் இணைந்து வெளியிட்ட இயந்திரத்தில் 0.5 மில்லிலிட்டர் குழாய்களுக்கான 48 துளைகள் இருந்தன. குழாய்களை நிறுத்தும் உலோகக் கட்டை தானாகவே சூடேறிக் குளிர்ந்தது.

ஆனால் சூடு கீழிருந்து மட்டுமே வந்தது. சோற்றுப் பானை மூடியின் உட்புறம் வியர்ப்பதுபோல, குழாயின் மேற்பகுதியில் நீராவி படிந்து துளியாகியது. மொத்தமே 50 அல்லது 100 மைக்ரோலிட்டர் திரவத்தில் சிறு பகுதி மேலே போய்விட்டாலும் கீழே எஞ்சிய உப்பும் நொதியமும் அளவு மாறித் தாக்கம் பிசகிவிடும். அதற்காகக் கனிம எண்ணெய்த் துளியொன்றை மாதிரியின் மேல் மிதக்கவிட்டார்கள். எண்ணெய் ஆவியாதலைத் தடுத்தது, ஆனால் வேலையைக் கடினமாக்கியது. பிப்பெற் முனையை எண்ணெய்ப் படலத்தினூடாக இறக்கி விளைபொருளை எடுக்க வேண்டும். எண்ணெய் முனையில் ஒட்டிக்கொண்டு அளவைக் குழப்பும்.

1990களின் தொடக்கத்தில் பேர்கின்-எல்மரின் 9600 வகை இயந்திரம் எண்ணெய்க்கு விடைகொடுத்தது. அதன் மூடி, குழாய்களின் வாயை மாதிரியைவிடச் சூடாக வைத்தது. ஆவி படிய இடமில்லாததால் திரவம் அடியிலேயே தங்கியது. மூடிக்கு இன்னொரு கடமையும் இருந்தது. மெல்லிய சுவருள்ள 0.2 மில்லிலிட்டர் குழாய்களை அது உலோகக் கட்டையோடு இறுக அமுக்கியது. அமுக்கம் குறைந்தால் வெப்பம் சீராகக் கடக்காது. ஆக, நூறு பாகைக்கு மேல் சூடான உலோகப் பலகை பிளாஸ்டிக்கின் மேல் இரண்டு மணிநேரம் அழுந்திக் கிடக்கும் நிலை அப்போது தோன்றியது. ஒட்டிக்கொள்ளும் சிக்கல் அதனுடன் கூடவே பிறந்தது.

குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து தட்டாக மாறியபோது சிக்கல் பெருத்தது. குழிகள் வரிசையாக அமைந்த தட்டு பிசிஆருக்கு முந்தியது. ஹங்கேரியில் இன்புளுவென்சா ஆய்வில் ஈடுபட்டிருந்த கியுலா டகாட்சி 1951இல் தம் வேலைக்காக அக்ரிலிக் பலகையில் குழிகளைக் கடைந்தார். காலப்போக்கில் 8 வரிசை, 12 நிரல், குழிக்குக் குழி 9 மில்லிமீற்றர் என்ற அமைப்பு உலக வழக்கானது. 127.76 மில்லிமீற்றர் நீளமும் 85.48 மில்லிமீற்றர் அகலமும் 2004இல் நியமமாயின. தனிக்குழாய் ஒட்டிக்கொண்டால் கெடுவது ஒருவரின் மாதிரி. தட்டு ஒட்டிக்கொண்டால் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களின் மாதிரிகள் ஒரே நொடியில் ஆபத்துக்குள்ளாகும்.

தட்டை மூடப் பல வழிகள் வந்தன: எட்டெட்டாகக் கோத்த சிறு மூடிகள், இறப்பர் விரிப்பு, சூட்டால் ஒட்டும் படலம், பசைபூசிய படலம். 1990களில் ரசல் ஹிகுச்சியும் சகாக்களும் உருவாக்கிய நிகழ்நேர பிசிஆர் பரவியபின் ஒளி ஊடுருவும் பசைப்படலம் வழமையானது. இம்முறையில் விளைபொருள் பெருகும்போதே அதன் ஒளிர்வை இயந்திரம் மேலிருந்து அளக்கும். முடிவு திரையில் வந்துவிடுவதால் படலத்தை உரிக்கவே தேவையில்லை. முழுச் சோதனையின் பாதுகாப்பும் அந்த மூடிய நிலையில்தான் தங்கியிருக்கிறது. தட்டு மூடியோடு எழும்பிப் படலம் பிய்வது, திறக்கக் கூடாததை விபத்து திறந்துவிடுவதாகும்.

தட்டு இரண்டு இடங்களில் பிடிக்கும். கூம்பு வடிவக் குழிகள் உலோகக் கட்டையின் பள்ளங்களில் ஆப்புப்போல் இறுகும். மேலே, படலத்தின் பசை சூட்டில் இளகி மூடியைப் பற்றும். தட்டின் ஓரத்துக்கு வெளியே நீட்டி நிற்கும் படலத்தின் வால்கள் வெட்டப்படாவிட்டால் அவை சுருண்டு மேல்நோக்கி ஒட்டுவதும் உண்டு. பொலிபுரொப்பிலீன் 160 பாகை அளவில்தான் உருகும் என்பதால் தட்டு உருகுவதில்லை. ஆனால் வளையும். வளைந்த தட்டின் ஒரு முனை கட்டையில் இறுகியிருக்க மறுமுனை மூடியோடு எழும்பும். கை சற்று வேகமாகத் தூக்கினால் தட்டு பாதி உயரத்தில் பிடி விட்டுத் தடாலென்று விழும். ஓரக் குழிகளில் படலம் கிளம்பும்.

அப்போது வெளியேறுவது எவ்வளவு? ஒரேயொரு டிஎன்ஏத் துண்டு தடையின்றி 35 முறை இரட்டித்தால் ஏறத்தாழ 3,400 கோடிப் பிரதிகளாகும். 25 மைக்ரோலிட்டர் திரவத்தில் அவை பரந்திருந்தால், ஒரு மைக்ரோலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே பத்து இலட்சத்துக்கு மேல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தெறிப்பு மேசையிலும் கையுறையிலும் தங்கி அடுத்த தட்டில் இறங்கினால், நோயில்லாதவருக்கும் நோய் என்று முடிவு வரும். 1989இலேயே ஷர்லி குவொக்கும் ஹிகுச்சியும் 'நேச்சர்' இதழில் இந்தப் பொய் முடிவுகளைப் பற்றி எச்சரித்தார்கள். கலவை தயாரிக்கும் அறையும் பெருக்கும் அறையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் நிலைபெற்றது இந்த அனுபவத்தால்தான்.

இயந்திரம் செய்வோரும் வழி தேடினார்கள். மூடி விலகும் வேளையில் தட்டின் ஓரத்தைக் கீழே பிடித்துவைக்கும் வில் பொருத்திய சட்டகம், கட்டையின் இறுக்கத்திலிருந்து தட்டை மெல்ல உயர்த்திவிடும் வில்கள், மூடிக்கும் படலத்துக்கும் இடையில் வைக்கும் மென்விரிப்பு எனப் பல அமைப்புகள் வந்தன. இன்னொன்று, மூடியைத் தொடும் பரப்பைக் குறைத்துக் குழிகளின் விளிம்பில் மட்டும் அமுக்கும் ஏற்பாடு. தொடுகை குறைந்தால் பசைக்குப் பிடிமானம் இல்லை.

இத்தனை கவனம் கேட்கும் பிசிஆர் இலங்கையில் பல ஆண்டுகள் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலும் சில பல்கலைக்கழகங்களிலுமே பெரும்பாலும் முடங்கியிருந்தது. 2020 ஜனவரி 27இல் நாட்டின் முதல் கொவிட் தொற்று உறுதியானபின் அது மாகாணங்களுக்கும் பரவியது. கிழக்கில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை பிசிஆர் செய்யத் தொடங்கியது. மருதமுனை, கல்முனை, அக்கரைப்பற்று என்று நீளும் கரையோர ஊர்கள் பிசிஆர் என்ற சொல்லை அன்றாடப் பேச்சில் கேட்கத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். பேலியகொடை மீன்சந்தையிலிருந்து பரவிய அலை ஆண்டிறுதியில் அக்கரைப்பற்றைத் தாக்கியபோது, மாதிரிகளின் எண்ணிக்கையும் முடிவுக்கான காத்திருப்பும் கூடின.

அந்த முடிவு இங்கே தனியொரு கனத்தைச் சுமந்தது. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி, கொவிட்டால் இறந்தோரின் உடலைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. நல்லடக்கம் மார்க்கக் கடமையாகிய முஸ்லிம்களுக்கு, இறந்தவரிடம் எடுத்த மாதிரியின் முடிவே ஜனாஸா வீட்டுக்கு வருமா தகனத்துக்குப் போகுமா என்பதைத் தீர்மானித்தது. முடிவு வரும்வரை குடும்பங்கள் பிணவறை வாசலில் நின்றன. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் சிசுவின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தங்கள் துயரத்தைக் காட்டினார்கள். 2021 பெப்ரவரி 25 வர்த்தமானி நல்லடக்கத்தை அனுமதித்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. விஞ்ஞான ஆதாரமற்ற அந்த ஆணை எந்தத் துல்லியமான சோதனையாலும் நியாயமாகிவிடாது. ஆனால் அது நடைமுறையிலிருந்த மாதங்களில் ஒரு பொய் முடிவு ஒரு குடும்பத்திடமிருந்து எதைப் பறிக்கக்கூடும் என்பதை நினைத்தால், தட்டைச் சிதறாமல் எடுப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது விளங்கும்.

அந்தப் பொறுப்பு இன்றும் கையில்தான் இருக்கிறது. படலத்தை ஒட்டும்போதே தட்டையான கருவியால் எல்லா விளிம்புகளையும் அழுத்தித் தேய்த்து, நீட்டி நிற்கும் வால்களை அகற்றிவிட வேண்டும். ஓட்டம் முடிந்ததும் மூடியின் சூட்டை நிறுத்தி, கட்டை அறை வெப்பநிலைக்கு வரச் சில நிமிடங்கள் விட வேண்டும். பின்னர் மூடியை ஒரு விரல் அகலம் மட்டும் உயர்த்திப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். தட்டு கூடவே எழும்பினால் மேலும் தூக்காமல், அதன் ஓரத்தைத் தட்டையான கருவியால் கீழே பிடித்துக்கொண்டு மூடியை விடுவிக்க வேண்டும். மாதிரிக்குப் பதிலாக நீர் இட்ட குழி, அதாவது எதிர்க் கட்டுப்பாடு, அடுத்த ஓட்டத்தில் ஒளிர்ந்தால் எங்கோ சிதறிவிட்டது என்று பொருள். அந்தத் தட்டின் முடிவுகள் எதையும் வெளியிடக் கூடாது.

சீல்வைத்த பேழைக்குள்ளேயே எல்லாம் நடந்து முடியும் ஜீன்எக்ஸ்பேட் போன்ற கருவிகளில் இந்தச் சிக்கலே இல்லை. காசநோய்ச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் ஒரு பேழையில் ஒருவரின் மாதிரியே அடங்கும், விலையும் அதிகம். நூற்றுக்கணக்கான மாதிரிகள் வரும் இடங்களில் 96 குழித் தட்டே தொடர்கிறது. பயன்படுத்திய தட்டைப் படலத்தோடு பையிலிட்டுக் கட்டி, அதன்மேல் இன்னொரு பையிட்டு அகற்றுவது முறை. ஓட்டோகிளேவில் இட்டால் படலம் பிரிந்து பெருகிய டிஎன்ஏ ஆவியோடு பரவக்கூடும் என்பதால் ஆய்வுகூடத்துக்குள் அதைச் செய்வதில்லை.