கட்டி ஷாம்பூ: வன்னியின் தலைமுழுக்கு வரலாறு

கட்டி ஷாம்பூ என்பது தலைமயிரையும் தலைத்தோலையும் கழுவுவதற்காகச் சவர்க்காரக் கட்டியின் வடிவில் வார்த்தோ அழுத்தியோ செய்யப்படும் கழுவுபொருள். அதற்குத் துணையான கட்டிக் கண்டிஷனர், கழுவிய மயிரை மென்மையாக்கிச் சிக்கு விழாமல் காக்கும். இரண்டிலும் நீரின் அளவு மிகக் குறைவு, போத்தலும் வேண்டியதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்தில் தலை கழுவப் பயன்பட்ட பொருட்களின் வரலாற்றையும், அந்த வரிசையில் கட்டி ஷாம்பூ பெறும் இடத்தையும் இக்கட்டுரை கூறுகிறது. சவர்க்காரமும் திரவ ஷாம்பூவும் இங்கு வருவதற்கு முன்னர் கொட்டை, காய், இலைத்தூள், பிண்ணாக்கு என உலர்ந்த பொருட்களாலேயே மக்கள் தலை முழுகினர்.

பழந்தமிழ்ச் சான்று

கூந்தலை மணப்பொருள் ஊறிய நீரால் கழுவும் வழக்கம் தமிழில் பழமையானது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், பத்துவகைத் துவர், ஐந்துவகை விரை, முப்பத்திரண்டுவகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நன்னீரில் மாதவி கூந்தலை நலம்பெறக் கழுவியதாக இளங்கோவடிகள் கூறுகிறார். துவர் என்பது துவர்ப்புச் சுவையுள்ள மரப்பொருட்களையும் விதைகளையும், விரை, ஓமாலிகை என்பவை நறுமணப் பொருட்களையும் குறிக்கும். உலர்ந்த பொருளைச் சேமித்து, வேண்டியபோது நீரில் ஊறவைத்துத் தலைக்கு வார்ப்பதே அந்த முறை. ஈழத்து வீடுகளின் தலைமுழுக்கும் இதே வழியில் வந்தது.

மரங்கள் தந்த கழுவுபொருட்கள்

வன்னி, உலர்வலயக் காடும் குளமும் கலந்த நிலம். நுரை தரும் தாவரப் பொருளான சப்போனின் செறிந்த மரங்கள் இங்கு இயல்பாக வளர்கின்றன.

இலுப்பை இவற்றில் முதன்மையானது. வவுனியாவின் இலுப்பைக்குளம், மன்னார்க் கரையின் இலுப்பைக்கடவை போன்ற ஊர்ப்பெயர்களே அது எவ்வளவு பரவலாக நின்றது என்பதைக் காட்டும். இலுப்பை விதையைச் செக்கில் ஆட்டினால் கிடைக்கும் எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும் போகும். மிஞ்சும் பிண்ணாக்கு, அரப்பு என்ற பெயரில் தலைக்கு வரும். கல்லுப்போல இறுகிய அந்தப் பிண்ணாக்கை இடித்துத் தூளாக்கி, நீரில் ஊறவைத்து அல்லது கொதிக்கவைத்துப் பூசினால் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போய்விடும். அதன் சப்போனின் மீன்களுக்கு நஞ்சு. நீர்நிலைகளில் மீனை மயக்கிப் பிடிக்கவும் இந்தப் பிண்ணாக்கைப் பயன்படுத்துவது உண்டு. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் குழந்தைகளுக்கு வார்க்கும்போது நெற்றியைக் கையால் மறித்துக்கொள்வார்கள்.

பூவந்தி, புனலை என்றும் அழைக்கப்படுவது, சிங்களத்தில் பெனெல. இதன் கொட்டையை நீக்கி, தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கையால் அடித்தால் வெண்ணுரை எழும். பட்டுத்துணியும் பொன்னகையும் கழுவ இதுவே சிறந்தது என்பது பொற்கொல்லர் அறிவு. உசில் மரத்தின் இலையை நிழலில் உலர்த்தி இடித்தால் கிடைப்பது இன்னொரு வகை அரப்பு. தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில் இன்றும் அது பெருவழக்கு. சீயாக்காய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து மருந்துச் சரக்குக் கடைகள் வழியாக வந்தது.

முழுக்கு முறை

ஆண்கள் புதனும் சனியும், பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்து முழுகுவது மரபு. வன்னி மேட்டுநிலங்களில் விளையும் எள்ளை ஆட்டி எடுத்த நல்லெண்ணெயே இதற்கு உரியது. எண்ணெயை இளஞ்சூட்டில் உச்சி முதல் பாதம் வரை தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டு, அவித்த அரப்பைத் தலையில் வைத்துத் தேய்ப்பார்கள். சீயாக்காய், வெந்தயம், தேசிக்காய், செவ்வரத்தை இலை ஆகியவற்றைச் சேர்த்து அவிக்கும் வீடுகளும் உண்டு.

இந்தக் கூட்டில் ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒன்றாகவே இருந்தன. சீயாக்காயும் அரப்பும் அழுக்கை அகற்றும். வெந்தயமும் செவ்வரத்தை இலையும் விடும் வழுவழுப்பான பசை மயிரைப் போர்த்து மென்மையாக்கும். தேசிக்காயின் புளிப்பு, நீரிலுள்ள சுண்ணாம்புப் படிவை நீக்கி மயிருக்குப் பளபளப்பைத் தரும். இன்றைய தொழிற்சாலைகள் தனித்தனிக் கட்டிகளாகச் செய்வதை, அன்றைய பாட்டிமார் ஒரே பானையில் அவித்தார்கள்.

சடங்குகளில்

சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் வைத்து முழுகுவது ஈழத்துச் சைவர் வாழ்வில் தவறாத வழக்கம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால் முதலியவற்றைச் சேர்த்து ஆலயங்களில் அது காய்ச்சப்படும். பஞ்சாங்கம் குறிக்கும் புண்ணியகாலத்தில், தலையிலும் காலிலும் உரிய இலைகளை வைத்து மூத்தோர் கையால் தேய்த்துக்கொள்வார்கள். திருமணத்துக்கு முன் பால் அறுகு வைத்துத் தோயவார்த்தல், சாமத்தியச் சடங்கில் நீர் வார்த்தல், இறந்தவரின் தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைத்தல் என வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் தலைமுழுக்கு உண்டு. கடைச் சவர்க்காரமும் ஷாம்பூவும் வந்த பின்னும் சடங்குகளில் அரப்பின் இடம் மாறவில்லை.

சவர்க்காரத்தின் வருகை

வடபகுதி ரயில் பாதை 1905இல் முழுமை பெற்றபின், கொழும்புச் சரக்கு வவுனியா, கிளிநொச்சி நிலையங்களில் நேரடியாக இறங்கத் தொடங்கியது. லீவர் பிரதர்ஸ் நிறுவனம் 1938இல் இலங்கையில் கால்பதித்தது. உள்ளூர் முதலீட்டில் 1941இல் தொடங்கிய சுவதேசி நிறுவனம் வேம்பையும் சந்தனத்தையும் சவர்க்காரத்தில் சேர்த்துப் புகழ்பெற்றது. யாழ்ப்பாணத்தின் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகம் வடபகுதி மக்களின் சொந்தத் தயாரிப்பாக மதிக்கப்பட்டது. அதன் அதிபர் க. கனகராசா பனை விதை நடுகைக்கும் அறநூல் வெளியீட்டுக்கும் தம் வருவாயைச் செலவிட்டவர்.

உடல் தேய்க்கும் சவர்க்காரத்தையே தலைக்கும் போடும் பழக்கம் இக்காலத்தில் பரவியது. கிணற்று நீரில் அது மயிரை வரட்டி, பிசுபிசுப்பையும் விட்டுச் சென்றது. சவர்க்காரம் வந்த பிறகும் சனிக்கிழமை அரப்பு நிலைத்து நின்றதற்கு இது ஒரு காரணம்.

ஷாம்பூவும் பைக்கற்றும்

ஜெர்மனியின் ஹான்ஸ் சுவார்ஸ்கொப் 1903இல் நீரில் கரைக்கும் தூள் ஷாம்பூவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1927இல் அவரது நிறுவனம் திரவ ஷாம்பூவை வெளியிட்டது. ஆக ஐரோப்பாவிலும் தூளே முன்னது, திரவம் பின்னது. 1930களில் அமெரிக்காவின் புரொக்டர் அண்ட் கேம்பிள், செயற்கைக் கழுவுபொருளால் ஆன ட்ரீன் ஷாம்பூவை விற்றது. சன்சில்க் 1954இல் பிரித்தானியாவில் அறிமுகமானது.

தெற்காசியாவின் ஏழை வீடுகளுக்குள் ஷாம்பூவைக் கொண்டுசேர்த்தது தமிழ்நாட்டுக் கடலூர்க்காரர் ஒருவரின் சிந்தனை. சின்னிகிருஷ்ணன் என்ற அவர், ஒருமுறை முழுகப் போதுமான அளவைச் சிறு பிளாஸ்ரிக் பைகளில் அடைக்கும் வழியை 1970களில் உருவாக்கினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அந்தச் சில்லறைப் பைக்கற்று முறை இலங்கையிலும் நிலைகொண்டது. கடை வாசலில் சரமாகத் தொங்கும் பைக்கற்றுகளில் ஒன்றைக் கிழித்து வாங்குவது கிராமத்துப் பழக்கமாயிற்று. பல படைகள் ஒட்டிய அந்தப் பைகளை மீள்சுழற்சி செய்வது கடினம். வெற்றுப் பைகள் குளக்கட்டிலும் வாய்க்காலிலும் தேங்கின.

போரும் இடப்பெயர்வும்

உள்நாட்டுப் போரில் அரசு 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருள், பற்றறி, சீமெந்து முதலியன வடக்கே வருவது தடுக்கப்பட்டது. சவர்க்காரமும் கிடைத்தற்கரியதாகி விலை பலமடங்கு ஏறியது. அப்போது மக்கள் பனம்பழத்தை எடுத்தார்கள். பழத்தின் களியைப் பிசைந்து துணியில் தேய்த்தால் நுரைத்து அழுக்கு அகலும். பனங்களியில் உள்ள பிளபெலிஃபெரின் என்ற கசப்பான சப்போனின் வகைகளை இலங்கை ஆய்வாளர்கள் பின்னர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தலைக்குச் சீயாக்காயும் தேசிக்காயும் இலைவகைகளும் மீண்டும் கைகொடுத்தன.

1995 இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பெருந்திரளான மக்கள் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது ஒரே கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிட்டன. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 வீதி திறந்ததும் கொழும்புப் பொருட்கள் மறுபடி குவிந்தன. 2006 ஓகஸ்டில் அந்த வீதி மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபோது, ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முகாம்களில் அடைபட்டனர். அவர்களில் மிகப்பெரும்பாலானோர் இருந்தது வவுனியாவின் செட்டிகுளத்தை அண்டிய மெனிக் பாம் முகாமில். நீருக்கு வரிசை, குளிப்புக்கு மறைப்பில்லாத நிலை, தலைப்பேன் ஆகியவை அங்கு பெண்களின் அன்றாடத் துயரங்கள். நிவாரணப் பொதியில் வந்த சவர்க்காரமே உடலுக்கும் தலைக்கும் துணிக்கும் உதவியது. நீண்ட கூந்தலைப் பேணுவதற்கு நீரும் நேரமும் தனிமையும் வேண்டும் என்பதை வன்னிப் பெண்கள் மிகக் கொடிய முறையில் அறிந்த காலம் அது. முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது.

கட்டி ஷாம்பூவின் தோற்றம்

இக்காலக் கட்டி ஷாம்பூ 1980களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானது. மோ கொன்ஸ்ரன்ரைன் என்ற அழகுப்பொருள் வல்லுநரும் ஸ்ரான் கிரிஸ்ரல் என்ற வேதியியலாளரும் இணைந்து அதை ஆக்கினர். 1995இல் தொடங்கிய லஷ் நிறுவனம் அதை உலகறியச் செய்தது. 2012இல் நியூசிலாந்தில் பிரியான் வெஸ்ட் தொடங்கிய நிறுவனம், பின்னர் எதீக் என்ற பெயரில், பிளாஸ்ரிக் இல்லாத கட்டிகளையே தன் முழு வணிகமாக்கியது. 2020க்குப் பின் பெருநிறுவனங்களும் இவ்வழிக்கு வந்தன. இலங்கையில் சிறு உற்பத்தியாளர் சிலர் தேங்காயெண்ணெயும் மூலிகைத் தூளும் சேர்த்துக் கட்டிகளைச் செய்து விற்கின்றனர்.

அமைப்பும் செயலும்

கட்டிகளில் இருவகை உண்டு. வாங்குவோர் இதை அறிந்திருப்பது அவசியம்.

முதல்வகை உண்மையான சவர்க்காரம். தேங்காயெண்ணெய் போன்ற கொழுப்புடன் சோடியம் ஐதரொட்சைட்டு சேர்ந்து உருவாகும். இதன் பி.எச். பெறுமானம் 9 முதல் 10 வரை; தலைத்தோலின் இயல்பான பெறுமானமோ 5.5 அளவில். காரம் மிகும்போது மயிரின் மேற்செதில்கள் விரிந்து சொரசொரப்பு உண்டாகும். இரண்டாம் வகை செயற்கைக் கழுவுபொருளால் ஆனது. தேங்காயிலிருந்து கிடைக்கும் கொழுப்பமிலங்களைக் கொண்டு செய்யும் சோடியம் கொக்கொயில் ஐசெதயனேற்று இதில் முதன்மையானது. இதன் பி.எச். அளவைத் தலைத்தோலுக்கு ஏற்ப அமைக்கலாம்.

கட்டிக் கண்டிஷனரில் கொழுப்பு அற்ககோல்களும் தாவர வெண்ணெயும் நேரேற்றம் கொண்ட சேர்வைகளும் இருக்கும். கழுவிய மயிர் மறையேற்றம் கொண்டிருப்பதால், நேரேற்றச் சேர்வை அதன்மேல் மெல்லிய படையாக ஒட்டிச் சிக்கைத் தடுக்கும்.

இருவகைக் கட்டிகளில் எது வன்னிக்கு ஏற்றது என்பதைத் தீர்மானிப்பது நீர். நிலத்தடி நீரில் கரைந்துள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்துடன் சேர்ந்து கரையாத வெண்படிவை உண்டாக்கும். அதுவே தலையில் ஒட்டும் பிசுபிசுப்பு. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் வவுனியாவின் அறியப்பட்ட பிரச்சினைகள். செயற்கைக் கழுவுபொருட் கட்டி கடின நீரிலும் படிவு விடாது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவைப் போன்ற குளங்களின் மழைநீர் மென்மையானது. குளத்தில் முழுகினால் மயிர் பட்டுப்போல் வரும் என்ற ஊர்ச்சொல்லில் வேதியியல் உண்மை உண்டு. எனினும் எந்தக் கழுவுபொருளையும் குளத்துக்குள் கரைப்பது மீனுக்கும் நீருக்கும் கேடு. வாளியில் அள்ளிக் கரையில் நின்று முழுகுவதே முறை.

பயன்படுத்தும் முறை

தலையை நன்றாக நனைத்து, கட்டியை ஈரக் கைகளில் தேய்த்து நுரை எழுப்பி, அந்த நுரையை மயிரின் அடியில் பூச வேண்டும். எண்ணெய் தேய்த்த தலைக்கு இருமுறை தேவைப்படும். பின் கண்டிஷனர்க் கட்டியை மயிரின் நடுவிலிருந்து நுனிவரை தடவி அலச வேண்டும். சவர்க்கார வகைக் கட்டியைப் பயன்படுத்துவோர், ஒரு செம்பு நீரில் சிறிதளவு தேசிக்காய்ச் சாறு கலந்து கடைசியாக வார்த்தால் படிவு நீங்கும். ஈரம் தேங்கினால் கட்டி குழைந்து வீணாகும். நீர் வடியும் துளைத்தட்டிலோ, துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டோ காயவைத்தால் நெடுநாள் வரும்.

இன்றைய நிலை

20 மில்லிலீற்றருக்கும் 20 கிராமுக்கும் மேற்படாத பிளாஸ்ரிக் சிறுபொதிகளை, உணவும் மருந்தும் நீங்கலாக, இலங்கை அரசு 2021 மார்ச் 31 முதல் தடைசெய்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஷாம்பூ விலை ஏழைகளின் கைக்கு எட்டாததானது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஷாம்பூ உட்பட 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. முழுவதும் வெளிப்பொருளை நம்பியிருப்பதன் ஆபத்தை, போர்க்காலத்துக்குப் பின் மீண்டும் ஒருமுறை வன்னி உணர்ந்தது.

கட்டி ஷாம்பூவுக்கு வேண்டிய மூலப்பொருட்களில் பல இங்கேயே உள்ளன. பளையில் தென்னை, மேட்டுநிலத்தில் எள்ளு, காட்டோரத்தில் இலுப்பையும் பூவந்தியும், வேலியில் செவ்வரத்தை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களும், வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும் இயங்குகின்றன. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த இந்நிலத்தில், சிறுகைத்தொழிலாகத் தொடங்க ஏற்ற பொருள் இது. காரத்தின் அளவு தவறினால் தோலுக்குக் கேடு என்பதால் முறையான பயிற்சியும் தரச் சோதனையும் இன்றியமையாதவை. பல்கலைக்கழகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இப்பணியைக் கையிலெடுக்க வேண்டும். புதிய இலுப்பைக் கன்றுகளைக் குளக்கரைகளில் நடுவதும் அதே பணியின் பகுதியே.