தீர்ப்புச் சொல்லும் நாற்காலி: கிராமப்படம் என்னும் வகைமையின் வரலாறு



ஒரு படம் வந்ததும் நாம் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கிறோம். நாயகன் எந்தச் சாதி? படம் நமக்குச் சார்பா, எதிரா? இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் சினிமா நம்மீது செய்த வேலையில் பாதி கண்ணில் படாது. மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டும்: இந்தப் படம் எந்த வகையைச் சேர்ந்தது, அந்த வகைக்கு என்ன வழக்கம், அதில் எதை இந்தப் படம் மாற்றியது, எதை அப்படியே எடுத்துக்கொண்டது?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழ் சினிமாவுக்குள் சாதி வசனத்தின் வழியாக வந்ததைவிட வழக்கத்தின் வழியாக வந்ததே அதிகம். ஒரு சாதிப் பெயரைத் தணிக்கைக் குழு வெட்டிவிடலாம். ஆலமரத்தடியில் யார் உட்காருவது, யார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது என்பதை எந்தத் தணிக்கையும் வெட்டியதில்லை. அது குற்றமாகத் தெரிவதில்லை. ‘கிராமத்துப் படம் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று பார்ப்பவர் ஏற்றுக்கொள்கிறார். வகைமையின் பலம் அந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லில் இருக்கிறது. இந்த உரை அந்தச் சொல்லின் வரலாற்றைப் பற்றியது.

1. நெருப்பும் காசி ராஜாவும்

கிராமப்படம் தனி வகையாக உருவாகும் முன்பே, ஒடுக்கப்பட்டவரைத் திரையில் என்ன செய்வது என்பதற்கு இரண்டு வகைமைகள் விடை வைத்திருந்தன. ஒன்று பக்திப்படம். நந்தனார் கதை 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நடிப்பிலும், 1942-ல் ஜெமினி தயாரிப்பில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடிப்பிலும் வந்தது. பெரியபுராணத்தில் இல்லாத பிராமணப் பண்ணையாரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் தம் கீர்த்தனைக் கதைக்குள் கொண்டுவந்தார். அதனால் கூலியும் நிலமும் கதைக்குள் வந்தன. ஆனால் பக்திக்கதைக்கு ஒரு முடிவுதான் உண்டு: அற்புதம். நந்தன் நெருப்பில் மூழ்கி வேறு உருவில் எழ வேண்டும். மாறுவது நந்தனின் உடம்பு. கோயில் வாசலின் விதி மாறுவதில்லை.

இன்னொன்று நாட்டார் வீரன் படம். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ பெரும் வெற்றி பெற்றது. அருந்ததியர் மக்கள் தங்கள் குலத்தவனாகக் கும்பிடும் வீரனின் கதை அது. அதில் செருப்புத் தைக்கும் தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் வளர்த்தவர்கள்தாம். வீரன் பிறந்தது அரச குலத்தில். கதைப்பாடலில் இருந்த இந்தப் பிறப்புக் கதையைப் படம் அப்படியே வைத்துக்கொண்டது. வீரம் வேண்டுமென்றால் ராஜ ரத்தம் வேண்டும் என்பது ராஜா ராணிப் படத்தின் வழக்கம். வழக்கத்துக்குப் பொருந்தும் பிறப்பே திரைக்கும் போயிற்று.

2. ஆலமரத்தடியும் அரசமைப்பும்

1977-ல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ கேமராவை ஸ்டுடியோ அரங்கிலிருந்து உண்மையான கிராமத்துக்குக் கொண்டுபோனது. வயல், வரப்பு, தெரு, பேச்சு எல்லாம் நிஜமாயின. ஆனால் எந்தத் தெரு? அடுத்த இருபது ஆண்டுகளின் பெரும்பாலான கிராமப்படங்களில் கேமரா ஊரைச் சுற்றியதே தவிர சேரிக்குள் போகவில்லை. ‘கிராமம்’ என்றாலே ‘ஊர்’ மட்டும் என்று ஆகிவிட்டது.

1990-களின் தொடக்கத்தில் இந்த வகைமை தன் நடுநாயகத்தைக் கண்டுபிடித்தது. அது தீர்ப்புச் சொல்லும் மனிதர். 1992-ல் ‘சின்ன கவுண்டர்’, அதே ஆண்டு ‘தேவர் மகன்’, 1993-ல் ‘எஜமான்’, 1994-ல் ‘நாட்டாமை’. நான்கு பெயர்களில் இரண்டு சாதிப் பெயர்கள். மற்ற இரண்டு அதிகாரத்தின் பெயர்கள். பரம்பரையாக வந்த பெரியவர், வெள்ளை வேட்டி, நாற்காலி அல்லது திண்ணை, எதிரில் நிற்கும் ஊர், ஒரு வாக்கில் தீர்ப்பு, மீறினால் ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தல் என்று இதற்கு ஒரு முழுச் சடங்கே உருவாயிற்று.

‘நாட்டாமை’யை எடுத்துக்கொள்வோம். வன்புணர்வு செய்தவனே அந்தப் பெண்ணுக்குத் தாலி கட்ட வேண்டும் என்பது அங்கே நீதி. தீர்ப்பை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்த குடும்பத்துக்குப் பதினெட்டு ஆண்டு ஒதுக்கம். பிறகு அடுத்த நாட்டாமை தன் தம்பிக்கே தவறான தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். உண்மை தெரிந்ததும் அவர் உயிர் போகிறது. தம்பி அந்த இடத்தில் உட்காருகிறார். கவனியுங்கள்: ஒரு தீர்ப்பு தவறு என்று படமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் உரிமை பிறப்பால் வருவது சரியா என்று ஒரு நொடிகூடக் கேட்கவில்லை. ஆள் குற்றவாளியாகலாம், நாற்காலி ஆகாது என்பதுதான் இந்த வகைமையின் அடிப்படை விதி.

இந்தப் படங்கள் வந்த ஆண்டுகளில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஏப்ரல் 24-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு கட்டாயமாயிற்று. தமிழ்நாடு 1994-ல் தன் ஊராட்சிகள் சட்டத்தை இயற்றியது. 1996 அக்டோபரில் தேர்தல். சட்டம் பஞ்சாயத்து நாற்காலியைச் சேரிக்கும் திறந்துவிட்ட அதே ஆண்டுகளில், திரை அந்த நாற்காலியைப் பரம்பரைச் சொத்தாகப் பாடிக்கொண்டிருந்தது. யாரோ திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டம் தேவையே இல்லை. கைமாறப்போகும் ஒன்றைப் பற்றி ஒரு சமூகம் ஏக்கத்தோடு பாடுவது இயல்பு. அந்த ஏக்கத்துக்கு வகைமை தயாராக இருந்தது.

திரைக்கு வெளியே அது ஏக்கமாக மட்டும் நிற்கவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தனி ஊராட்சியானது. வேட்புமனு போட்டதற்கே மிரட்டல், தீவைப்பு. அதையும் தாண்டித் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து ஆறு பேர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகள் தலித் தலைவர் ஒருவர் பதவியில் அமர்ந்து பணியாற்ற முடியவில்லை. 2020-ல்கூட கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியே வந்தது. நாற்காலி என்பது நமக்கு இலக்கிய உருவகம் அன்று.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அலகாகக் கொள்ள மறுத்தார். அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் அது என்றார். தனிமனிதரையே அலகாக எடுத்துக்கொண்டதை வரவேற்றார். நம் கிராமப்படம் அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சாகவே ஐம்பது ஆண்டுகள் ஓடியிருக்கிறது.

3. இசக்கியின் கை

‘தேவர் மகன்’ இந்த வரிசையில் நுட்பமான படம். வன்முறை தன் சாதியையே அழிக்கும் என்று அது சொல்கிறது. அப்படிச் சொன்ன படத்தின் பாட்டே சாதி ஊர்வலங்களின் பாட்டாக மாறியது. படத்தின் அறிவுரையைவிட அதன் வழக்கம் வலிமையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தப் படத்தில் வடிவேலு நடித்த இசக்கி, பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னதால் கோயில் பூட்டைத் திறக்கிறான். அதற்காகக் கையை இழக்கிறான். அவனுக்கு நேர்ந்தது நாயகனின் மனமாற்றத்துக்கு ஒரு படி. அதன்பின் அவன் வாழ்க்கை என்னவாயிற்று என்று கதைக்கு அக்கறை இல்லை.

முப்பது ஆண்டு கழித்து அக்கறைப்பட்டவர் மாரி செல்வராஜ். 2023-ல் ‘மாமன்னன்’ வெளிவரும் வேளையில், இசக்கிதான் தன் மாமன்னன் என்று மேடையிலேயே சொன்னார். அதே வடிவேலு இப்போது தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஆனால் கட்சிப் பெரிய வீட்டில் அவர் உட்காருவதில்லை, நிற்கிறார். ‘உட்காருங்கள் அப்பா’ என்று மகன் வற்புறுத்துவதில்தான் மோதல் வெடிக்கிறது. முடிவில் அவர் சட்டப்பேரவைத் தலைவராகிறார். பிறப்பால் வந்த தீர்ப்பு நாற்காலிக்கு எதிரே, தேர்தலால் வந்த நாற்காலியை வைத்தது இந்தப் படம். அந்த வகையில் கிராமப்படத்தின் அடிப்படை விதியைத் தொட்ட படம் இது.

வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) வேறொரு வழியில் போகிறது. அடங்கிப் போகும் மனிதனுக்கு ஆவேசமான கடந்தகாலம் உண்டு என்பது ‘பாட்ஷா’ காலத்திலிருந்து பழகிய உத்தி. அங்கே பின்கதை நாயகனின் பெருமையைக் காட்டும். ‘அசுரனி’ல் பின்கதை செருப்பு அணிந்ததற்கான அவமானத்தையும் எரிந்த குடிசைகளையும் காட்டுகிறது. அந்தத் தீயைப் பார்க்கையில் 1968 டிசம்பர் 25-ல் 44 பேர் கருகிய கீழவெண்மணியை நினைக்காமல் இருக்க முடியாது. முடிவையும் ஒப்பிடுங்கள். ‘தேவர் மகன்’ நாயகன் சிறைக்குப் போகும்போது ஊர் மக்களைப் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்கிறான். ‘அசுரன்’ சிவசாமி நீதிமன்றத்துக்குள் போகும்போது மகனிடம் படி என்கிறான். அறிவுரை ஒன்றுதான். முதலாமவன் ஊருக்கு மேலே நின்று சொல்கிறான். இரண்டாமவன் நிலத்துக்காக மூத்த மகனைப் பறிகொடுத்தவன். காணியைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்பது அவன் கணக்குப்போட்டுக் கண்ட உண்மை. ஒரே வழக்கம், சொல்பவர் இடம் மாறும்போது வேறு பொருள் தருகிறது.

‘பரியேறும் பெருமாள்’ (2018) பழிவாங்கும் முடிவையே மறுத்தது. கடைசியில் ஒரு மேசை, இரண்டு தேநீர்க் கண்ணாடிக் குவளைகள், நடுவே ஒரு மல்லிகைப் பூ. இரட்டைக் குவளை முறையை அறிந்த நாட்டில் அந்தப் படச்சட்டம் தீர்ப்புச் சொல்லவில்லை, எதிரில் இருப்பவரிடம் பேச அழைக்கிறது. ‘வாழை’ (2024) இன்னொன்றைச் செய்தது. பண்ணையார் படத்தில் உழைப்பு என்பது பாட்டுக்குப் பின்னால் நடக்கும் நாற்று நடவு. ‘வாழை’யில் சிறுவனின் கழுத்தை அழுத்தும் வாழைத்தாரின் பாரமும் கூலி உயர்வுக் கோரிக்கையும், வண்டிச் செலவை மிச்சப்படுத்தத் தார் லாரியின் மேலேயே ஆட்களை ஏற்றும் கணக்கும்தான் கதை.

4. இன்னும் மாறாதவை

நம்முடைய படங்கள் என்பதால் இங்கே கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. மாறாத வழக்கங்களும் இருக்கின்றன.

முதலாவது, பெண். பழைய கிராமப்படத்தில் தங்கைக்கு நேரும் கொடுமையே அண்ணனின் கோபத்துக்கு எரிபொருள். ‘கர்ணன்’ (2021) தொடங்குவதும் பேருந்து நிற்காத சாலையில் சாகும் தங்கையோடுதான். அவள் தெய்வமாகி முகமூடியோடு வருகிறாள். கனமான படிமம், மறுக்கவில்லை. ஆனால் செத்துத் தெய்வமாவதற்கு முன் அவள் பேச இடமில்லை. ‘பரியேறும் பெருமாளி’ல் காதலிக்கும் பெண்ணுக்கு நடந்தது எதுவும் கடைசிவரை தெரியாது. பா. இரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) ரெனே என்ற தலித் பெண்ணைத் தன்னைப் பற்றித் தானே பேசுபவளாக நடுவில் வைத்தது. அதற்கு அந்தப் படம் கிராமத்தை விட்டே நகர்ந்து, ஒரு நாடகக் குழுவுக்குள் போக வேண்டியிருந்தது. கிராமப்படத்துக்குள்ளேயே அப்படி ஒருத்தி நிற்க இன்னும் இடம் உருவாகவில்லை.

இரண்டாவது, ஒற்றை நாயகன். ‘கர்ணன்’ பார்ப்பவர் மனத்தில் 1995 ஆகஸ்ட் 31-ல் காவல்துறை தாக்கிய கொடியங்குளம் வருகிறது. அது ஒரு முழு ஊரின் வரலாறு. படத்திலும் ஊர் முழுவதும் நிற்கிறது என்பது உண்மை. ஆனால் முடிவில் ஒரு வாள், ஒரு கை. மேலவளவில் மனுப்போட்டவர்களும் வாக்களித்தவர்களும் சாட்சி சொன்னவர்களும் வழக்கு நடத்தியவர்களும் பலர். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது அந்தப் பலருடைய உழைப்பால்தான். மிரட்டலுக்கு நடுவே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வதற்கு வேண்டிய துணிச்சலைக் காட்டும் வழக்கம் நம் திரையில் அரிது. அரிவாளைக் காட்டுவதற்கோ நூறு வழி இருக்கிறது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அடுத்த கிராமப்படத்தைப் பார்க்கும்போது கையில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்? யார் வேலை செய்கிறார், அந்த வேலைக்குக் கூலி என்ன என்று படம் சொல்கிறதா? தீர்ப்பை யார் சொல்கிறார், அந்த உரிமை அவருக்கு எப்படி வந்தது? கேமரா எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? பெண் தன் வாயால் பேசுகிறாளா? விடைகளை எழுதிப் பாருங்கள். பிறகு அதே கேள்விகளை உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கும் கொண்டுபோங்கள். அங்கே தலைவருக்கு நாற்காலி போடப்பட்டிருக்கிறதா, அதில் அவர்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்து அதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் நம் சினிமாவின் வரலாறு முழுமையாகும்.