கல்லுக்கு ஓர் ஊர், கிரயத்துக்கு ஒரு மாதம்

மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று வாங்க வேண்டும் என்ற பேச்சு ஒரு வீட்டில் முதன்முதலாக எழுந்த நாளுக்கும், அந்த யந்திரம் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு சமையற்கட்டில் வந்து அமர்ந்த நாளுக்கும் இடையே, முந்தைய தலைமுறையில், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழிவது சகஜம். பணம் சேர வேண்டும் என்பதோடு, எந்த ஊரில் வாங்குவது, எந்த மாதத்தில் வாங்குவது என்ற இரண்டு வினாக்களுக்கும் குடும்பம் முழுவதும் கூடி விடை காண வேண்டியிருந்தது. அந்த இரண்டு வினாக்களுக்குப் பின்னால் மலையருவியும் கல்லும் பஞ்சாலையும் வயலும் சேர்ந்த ஒரு சரித்திரம் இருக்கிறது.

அதற்கு முன் ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தரையில் பதித்த உரலின் முன் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி அமர்ந்து, வலக்கையால் குழவியைச் சுற்றி, இடக்கையால் மாவைத் தள்ளிவிட்டு, ஒரு படி அரிசியையும் கால் படி உளுந்தையும் பதமாக அரைத்தெடுப்பதற்குள் ஒரு ஸ்திரீயின் தோளும் இடுப்பும் படும் சிரமத்தை, மறுநாள் காலையில் இட்டிலியின் மென்மையைப் புகழ்ந்தவர்களில் எத்தனை பேர் நினைத்தார்கள்? பெரிய குடும்பங்களிலும், விருந்தாளிகள் வந்த நாட்களிலும், அந்தச் சிரமம் பல மடங்காயிற்று. கல் வழுவழுப்பானால் கொத்துவதற்கு ஆள் வந்தார். அரைத்தவளின் கை ஓய்ந்தால் மாற்றுக்கு மருமகளோ மகளோதான் வந்தாள். இந்தச் சிரமத்துக்கு முடிவு கொங்கு நாட்டில் பிறந்தது தற்செயலாக நேர்ந்த காரியமன்று.

கொங்கு நாடு பெரும்பாலும் கிணற்றை நம்பிய பூமி. ஆழ்ந்த கிணறுகளிலிருந்து எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்துப் பயிர் செய்த அந்தப் பிரதேசத்தில், 1888ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலை தோன்றிவிட்டது என்றாலும், ஆலைகள் பெருகுவதற்கு ஏற்ற சக்தி பின்னர்தான் கிடைத்தது. நீலகிரியில் பைக்காரா ஆற்றின் நீரை 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்கள் வழியாக இறக்கிச் சிங்காராவில் மின்சாரம் உற்பத்தி செய்யும் திட்டம் 1932ஆம் ஆண்டில் பலனளிக்கத் தொடங்கி, அந்த மின்சாரம் கம்பி வழியே கோயம்புத்தூரை அடைந்த பிறகு, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கிணற்று மேடுகளில் எருதுகளின் இடத்துக்கு மோட்டார்கள் வந்தன. அந்த மோட்டார்களைப் பழுது பார்க்கவும், பிறகு இங்கேயே செய்யவும், பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பெருகின. 1937ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் ஆகியோரின் முயற்சியால் உள்நாட்டிலேயே மின்சார மோட்டார் உருவாயிற்று. அதற்கு முன்பே, 1926ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பி. எஸ். ஜி. தொழிற்சாலை உழவுக்கும் ஆலைக்கும் வேண்டிய கருவிகளைச் செய்யும் கைகளைப் பழக்கத் தொடங்கியிருந்தது. ஆகவே, வயலுக்கு நீர் இறைத்த விசையை அடுக்களைக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு உதித்தபோது, அதற்கு வேண்டிய மோட்டாரும் கடைசல் யந்திரமும் தேர்ந்த கம்மியர்களும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

அந்த எண்ணத்தை 1955ஆம் ஆண்டில் நிறைவேற்றியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் நன்றியோடு போற்றும் செய்தி. ஆட்டுக்கல்லில் உரல் அசையாமல் இருக்கக் குழவி சுழன்றது; கிரைண்டரிலோ கல்லோடு கூடிய பாத்திரம் சுழல, குழவி ஒரு சட்டத்தில் பிடிபட்டு நின்ற இடத்திலேயே உருண்டது; மாவைத் தள்ளிவிட்ட இடக்கையின் வேலையை ஒரு தகடு ஏற்றுக்கொண்டது. உளுந்து நன்றாகப் பொங்கிவர அது சூடேறாமல், காற்றை வாங்கிக்கொண்டு, நிதானமாக அரைபட வேண்டும். கத்தியால் வெட்டி வேகமாக அரைக்கும் யந்திரங்களுக்குக் கைவராத இந்த நிதானம் கல்லின் இயல்பிலேயே இருந்தது. அந்தக் கல்லுக்கும் ஓர் ஊர் இருந்தது. திருப்பூரை அடுத்த ஊத்துக்குளி, தன் வெண்ணெய்க்குப் பெயர் பெற்றது போலவே, மாவு அரைக்கும் கருங்கல்லுக்கும் பெயர் பெற்றது. எளிதில் தேயாமல், கொத்தினால் கொத்தை ஏந்திக்கொள்ளும் உறுதி அதற்கு உண்டு. மோட்டாரும் கல்லும் கைவினையும் ஒரு நாள் பயணத்துக்குள் கூடிய இடம் கோயம்புத்தூர் என்பதால், எங்கே வாங்குவது என்ற வினாவுக்கு நெடுங்காலம் ஒரே விடைதான் இருந்தது.

யந்திரம் தோன்றிய உடனே ஒவ்வொரு வீட்டுக்கும் அது வந்துவிடவில்லை. முதலில் ஹோட்டல்களும் கல்யாண சமையற்காரர்களும் அதைக் கொண்டார்கள். பிறகு தெருவுக்கு ஒருவர் வாங்கி, படிக்கு இவ்வளவு என்று கூலி பெற்று அரைத்துக் கொடுத்தார்கள். ஊற வைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்குச் சட்டிகளில் எடுத்துக்கொண்டு வரிசையில் காத்திருந்த பெண்கள், எந்தக் கல் நன்றாக அரைக்கிறது, எந்த மோட்டார் சூடாகிறது, எந்த பெல்ட் சீக்கிரம் அறுந்து போகிறது என்பவற்றையெல்லாம் கண்டும் கேட்டும் அறிந்தார்கள். பிற்பாடு தம் வீட்டுக்கென்று வாங்கப் புறப்பட்டபோது அந்த அறிவே அவர்களுக்குப் பிரமாணம் ஆயிற்று. கடையில் வீட்டுத் தலைவர் விலை பேசிக்கொண்டிருக்க, உடன் வந்த மூதாட்டி கல்லின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். குழவி சமமாக உட்காருகிறதா என்று உருட்டிப் பார்ப்பாள். மோட்டாரை ஓடவிட்டு அதன் ஓசைக்குச் செவி சாய்ப்பாள். பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள், கல்லை மறுபடி கொத்தித் தருவது யார் என்று கேட்டு விடை பெற்ற பிறகுதான் முன்பணம் கைமாறும். வீட்டுக்கு வந்த கல்லில் முதல் ஓரிரு தடவை தவிட்டையும் பழைய அரிசியையும் அரைத்துக் கல்துகள் போகக் கழுவிக் கொட்டிவிட்டு, அதன் பிறகே உண்ணும் மாவை அரைத்தார்கள்.

எப்போது வாங்குவது என்ற வினாவுக்கு விடை சொன்னவை வயலும் ஆலையும். உழவர் வீட்டில், அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கையில் தங்கும் தை மாதமே பெருஞ் செலவுக்கு உகந்த மாதம். கல்யாணங்களும் அப்போது தொடங்குவதால், மகளுக்குச் சீர் கொடுக்கும் பண்டங்களில் அண்டா, குத்துவிளக்குகளின் வரிசையில் கிரைண்டரும் இடம் பெற்றது. ஆலைத் தொழிலாளி வீட்டில் தீபாவளி போனஸ் வரும் நாளே அந்த நாள். 1965ஆம் ஆண்டில் போனஸ் பட்டுவாடாவுக்கென்று மத்திய சட்டம் ஏற்பட்ட பிறகு அந்த எதிர்பார்ப்புக்கு ஓர் உறுதியும் கிட்டியது. இரண்டும் இல்லாத வீட்டில் சீட்டு இருந்தது. மாதந்தோறும் மிச்சம் பிடித்துக் கட்டிய தொகையை ஏலத்தில் தள்ளி எடுப்பதா, கடைசி வரை பொறுத்து முழுத் தொகையாக வாங்குவதா என்று கணக்கிட்டு, அரைக்கும் சிரமத்தை இன்னும் பத்து மாதம் பொறுத்துக்கொள்வது என்று தீர்மானித்த தாய்மார்களின் திடசித்தத்தை நான் வணங்குகிறேன். 1961ஆம் ஆண்டில் சென்னை ராஜ்ய அரசு சீட்டுகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியதிலிருந்தே, அந்தச் சிறு சேமிப்பு எத்தனை குடும்பங்களுக்கு ஆதாரமாயிருந்தது என்பது புலப்படும்.

இந்தப் பஞ்சாங்கத்தில் ஆடி மாதத்துக்கு இடமே இல்லை. ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டிய மாதம் அது, கையிலுள்ள காசு விதையாகவும் கூலியாகவும் மண்ணுக்குள் போய்விடும், கல்யாணம் நடவாது, பதினெட்டாம் பெருக்கு ஒன்று நீங்கலாகப் புதுப் பண்டம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவர முதியோர் சம்மதியார்கள். வாங்குவோர் இன்றிக் கிடந்த அந்த மாதத்தில், தேங்கிய சரக்கைத் தீபாவளிக்கு முன் தள்ளிவிட வேண்டிய நிர்ப்பந்தத்தால், ஜவுளி வியாபாரிகள் விலையைக் குறைத்தார்கள். அந்த வழக்கமே ஆடித் தள்ளுபடி என்னும் பெயரோடு வளர்ந்து, பிறகு மின்சாரச் சாமான் கடைகளையும் எட்டியது. விதைப்பு மாதத்தின் வறுமையிலிருந்து பிறந்த அந்தச் சலுகை, வயலை விட்டு மாதச் சம்பளத்துக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்கு ஒரு புதிய வசதியாயிற்று. விலக்கப்பட்டிருந்த மாதமே விரும்பத்தக்க மாதமாக மாறியது. தவணை முறையும் பெருகிய பின், காத்திருத்தல் என்ற கடமை அநேகமாக ஒழிந்தே போயிற்று.

இதற்கிடையே யந்திரமும் உருமாறியது. இரண்டு ஆட்கள் தூக்கிய கிரைண்டர் சிறுத்து மேஜை மேல் ஏறியது. சாய்த்து மாவை வழிக்கும் வசதி வந்தது. 2005-06ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயர் புவிசார் குறியீடு பெற்று, அதன் ஊர்ப்பெயர் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியதாயிற்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, தை மாதமும் போனஸும் சீட்டும் எட்டாத குடிசைகளுக்குள்ளும் அந்தக் கல் புகுந்தது. எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்கும் வாய்ப்பே இல்லாதிருந்த ஏழைப் பெண்ணுக்கு அது ஓய்வைக் கொடுத்தது என்பதை, அரசியல் கருத்து எதுவாயினும், மறுத்தல் தகாது.

ஆயினும், வாங்கும் வழிகள் எளிதாகிவிட்ட இந்நாளில், அந்த மூதாட்டி கடையில் கேட்ட வினாக்கள் கைவிடப்பட்டு வருகின்றன என்பதே என் கவலை. தள்ளுபடி எவ்வளவு என்று முதலில் கேட்டு, கல் எப்படிப்பட்டது என்று கேளாமலே திரும்புகிறோம். பைக்காராவின் நீரும் ஊத்துக்குளியின் பாறையும் பட்டறைத் தொழிலாளியின் உழைப்பும் சேர்ந்து ஆட்டுக்கல்லிலிருந்து விடுவித்தது அவளுடைய கையை. ஆகவே எந்த மாதத்தில், எந்தக் கடையில் வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன், நாளைக்கு அதில் மாவரைக்கப் போகிற கை எதுவோ அந்தக் கை ஒருமுறை கல்லைத் தடவிப் பார்க்கட்டும்.