உண்ட உணவு செல்லில் ஆற்றலாவது எவ்வாறு? நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மூன்று வேளையும் உண்கிறார். ஆயினும் உடல் மெலிகிறது, சோர்வு நீங்கவில்லை. இரத்தத்தில் சர்க்கரை மிகுதி என்று பரிசோதனை கூறுகிறது. அவருக்கோ எழுந்து நடக்கவும் வலுவில்லை. இத்தகைய நிலையைக் காணும் குடும்பத்தினர், உணவு போதவில்லை என்று எண்ணி மேலும் உண்ணக் கொடுப்பதுண்டு. ஆனால் உணவு வயிற்றைச் சென்றடைவதும், அது உடலுக்கு ஆற்றலாக மாறுவதும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடையே பல படிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தடைபட்டாலும் உண்ட உணவு உடலுக்குப் பயன்படாமல் போகலாம். அப்படிகள் யாவை, அவை தடைபடும்போது என்ன நேரும், நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

உணவிலிருந்து இரத்தத்திற்கு

நாம் உண்ணும் சோறு, ரொட்டி, கிழங்கு ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து, செரிமானத்தின்போது குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாகச் சிதைகிறது. பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றின் புரதம் அமினோ அமிலங்களாகவும், எண்ணெயும் நெய்யும் கொழுப்பு அமிலங்களாகவும் மாறுகின்றன. இவை சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தை அடைகின்றன. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கிலோகலோரி ஆற்றலைத் தருகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது.

உடல்நலமுள்ள ஒருவரின் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே ஆகும். எஞ்சியது கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. அதற்கும் மிகுந்தது கொழுப்பாக மாற்றப்படுகிறது. இரவில் நாம் உறங்கும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சிறிது சிறிதாகக் குளுக்கோஸை வெளியிட்டு மூளைக்கு உணவளிக்கிறது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது.

செல்லின் நாணயம்: ஏடிபி

செல் குளுக்கோஸை நேரடியாகச் செலவிட இயலாது. அதிலுள்ள ஆற்றலை அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி, என்னும் மூலக்கூறாக மாற்றிய பின்னரே அதனைப் பயன்படுத்துகிறது. தசை சுருங்குவதும், நரம்பு செய்தி கடத்துவதும், சிறுநீரகம் உப்பை மீட்டெடுப்பதும் ஏடிபியால்தான். ஏடிபியிலுள்ள மூன்று பாஸ்பேட் தொகுதிகளில் ஒன்று பிரியும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அத்தொகுதி மீண்டும் இணைக்கப்படுகிறது. உடலில் உள்ள ஏடிபியின் அளவு மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே நாளில் பல நூறு முறை இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. இதனைச் சேமித்து வைக்க இயலாது என்பதால், ஆற்றல் உற்பத்தி சில நிமிடங்கள் தடைபட்டாலும் மூளையும் இதயமும் பாதிப்படைகின்றன.

ஏடிபி 1929ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லப்பிரகட சுப்பாராவும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

ஆற்றல் உருவாகும் மூன்று கட்டங்கள்

முதற்கட்டம், கிளைக்காலிசிஸ். செல்லின் சைட்டோபிளாசத்தில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஆனால் நிகரமாகக் கிடைப்பது 2 ஏடிபி மட்டுமே.

இரண்டாம் கட்டம், சிட்ரிக் அமிலச் சுழற்சி. பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பினுள் சென்று, மேலும் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் இங்கு உருவானதே. கொழுப்பு அமிலங்களும் அமினோ அமிலங்களும் இச்சுழற்சியில் வந்து சேர்கின்றன. இதனை 1937ஆம் ஆண்டில் விளக்கிய ஹான்ஸ் கிரெப்ஸ், 1953ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

மூன்றாம் கட்டம், எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. முன்னிரு கட்டங்களிலும் பிரித்தெடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் படிப்படியாகக் கடத்தப்பட்டு, இறுதியில் ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகின்றன. இக்கட்டத்தில்தான் பெரும்பகுதி ஏடிபி உருவாகிறது. மூன்று கட்டங்களும் முழுமையாக நடைபெற்றால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 32 ஏடிபி வரை கிடைக்கும். நாம் மூச்சுவிடுவதன் முதன்மையான தேவை இக்கட்டத்திற்கு ஆக்சிஜன் அளிப்பதே.

எங்கெங்கே தடை ஏற்படலாம்?

1. இன்சுலின் குறைவு அல்லது செயற்குறைவு. தசைச் செல்களும் கொழுப்புச் செல்களும் குளுக்கோஸைப் போதிய அளவில் உள்ளே ஏற்க இன்சுலின் தேவை. அது இல்லாதபோது இரத்தத்தில் குளுக்கோஸ் தேங்கி நிற்க, செல்கள் பட்டினி கிடக்கின்றன. நன்கு உண்டும் எடை குறைவதற்கும், ஓயாத பசிக்கும் சோர்விற்கும் இதுவே காரணம். இந்நிலையில் மேலும் உணவளிப்பதால் இரத்தச் சர்க்கரை உயருமேயன்றிச் சோர்வு தீராது. மாறாக, தசை இயங்கும்போது இன்சுலினின் உதவியின்றியும் ஓரளவு குளுக்கோஸை ஏற்றுக்கொள்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நடைப்பயிற்சி பரிந்துரைக்கப்படுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

2. ஆக்சிஜன் குறைவு. இரத்தசோகை, நுரையீரல் நோய், இதயச் செயற்குறைவு ஆகியவற்றில் உணவு இருந்தும் அதனை முழுமையாகப் பயன்படுத்தத் தேவையான ஆக்சிஜன் செல்லை எட்டுவதில்லை. படியேறினாலே மூச்சு வாங்குதல், எளிதில் களைப்படைதல் ஆகியன இதன் அறிகுறிகள். ஆக்சிஜன் மிகவும் குறையும்போது பைருவிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்தத்தில் லாக்டேட் அளவைப் பரிசோதிப்பது, செல்கள் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றனவா என்பதை அறிய உதவுகிறது.

3. தயமின் குறைவு. வைட்டமின் பி1 எனப்படும் தயமின் இல்லையேல், பைருவிக் அமிலம் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் செல்ல இயலாது. இக்குறைபாட்டால் பெரிபெரி என்னும் நோய் உண்டாகிறது. மிகவும் தீட்டிய வெள்ளை அரிசியில் தயமின் குறைவு. புழுங்கல் அரிசியில் கூடுதலாக எஞ்சுகிறது. அரிசியைப் பலமுறை கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் மேலும் இழப்பு நேர்கிறது. நீண்டகால மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கு இக்குறைபாடு மிகுதி. அத்தகையோர்க்குத் தயமின் இன்றிக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்படையக்கூடும். ஆகவே, மருத்துவமனையில் சேர்க்கும்போது நோயாளியின் மதுப்பழக்கத்தை மறைக்காமல் கூறுங்கள்.

4. மைட்டோகாண்ட்ரியாவின் குறைபாடுகள். இவை அரிதான மரபுவழி நோய்கள். ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் மூளை, தசை, இதயம், கண் ஆகியன முதலில் பாதிக்கப்படுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவிற்குத் தனி டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்தே வருகிறது. எனினும் இந்நோய்கள் பலவற்றிற்குக் காரணமான மரபணுக்கள் செல்லின் உட்கருவில் உள்ளவை. அவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரலாம். எவரையும் குறைகூறுவதற்கு இதில் இடமில்லை.

உடல் கொழுப்பை நாடும்போது

குளுக்கோஸ் கிடைக்காதபோது உடல் கொழுப்பைச் சிதைக்கிறது. கல்லீரல் அதிலிருந்து கீட்டோன்களை உருவாக்குகிறது. நோன்பின்போது சிறிதளவு கீட்டோன் உருவாவது இயல்பே. இன்சுலின் அதனை அளவோடு நிறுத்துகிறது. ஆனால் இன்சுலின் முற்றிலும் குறைந்தவருக்குக் கீட்டோன்கள் கட்டின்றிப் பெருகி இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. இது நீரிழிவுக் கீட்டோன் அமிலத்தேக்கம் எனப்படும். சிகிச்சை தாமதித்தால் உயிருக்கு ஆபத்து நேரும்.

இன்சுலின் செலுத்திக்கொள்பவர் காய்ச்சலாலோ வாந்தியாலோ உண்ண இயலாத நாளில், உண்ணவில்லையே என்று கருதி இன்சுலினைத் தாமாக நிறுத்துவது இதற்கு வழிவகுக்கும் தவறுகளுள் முதன்மையானது. நோயுற்ற நாளில் உடலின் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும். அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; முழுவதுமாக நிறுத்தாதீர்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு, இரத்தச் சர்க்கரை மிக உயராத நிலையிலும் இந்த அமிலத்தேக்கம் ஏற்படலாம். ஆகவே உண்ண இயலாத நாட்களில் அம்மாத்திரையைத் தொடரலாமா என்பதை மருத்துவரிடம் உடனே கேட்டறியுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், இவற்றுடன் வாந்தி அல்லது வயிற்றுவலி
• ஆழமான, வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை
• அரைமயக்கம், குழப்பமான பேச்சு
• ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி

இவற்றுள் ஏதேனும் காணப்பட்டால் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

சர்க்கரை தாழ்ந்துவிட்டால்

நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமிற்குக் கீழ் இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, எரிச்சல், தடுமாற்றம் ஆகியன தோன்றும். மூளைக்கு எரிபொருள் குறைவதன் அடையாளம் இது.

• நினைவோடு இருந்தால், 3 தேக்கரண்டி குளுக்கோஸ் தூள் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.
• 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதியுங்கள். உயரவில்லையெனில் மறுபடியும் கொடுங்கள்.
• அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை உட்கொள்பவருக்குக் குளுக்கோஸ் தூளையே கொடுக்க வேண்டும். சாதாரணச் சர்க்கரை விரைவில் பயன்தராது.
• நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாதீர்கள். புரையேறி மூச்சு அடைபடும். உடனே 108ஐ அழையுங்கள்.

சத்து மருந்துகள் ஆற்றல் தருமா?

வைட்டமின்களும் இரும்புச்சத்தும் எரிபொருள்கள் அல்ல. எரிபொருளைப் பயன்படுத்த உதவுபவை. குறைபாடு உள்ளவருக்கே அவை பயன்தரும். காரணம் அறியாமல் சத்து மருந்துகளையும் இனிப்புப் பானங்களையும் தொடர்ந்து கொடுப்பது, உண்மையான நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தும். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு பரிசோதனை தேவையா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தைத் தைராய்டு இயக்குநீரே பெரிதும் நிர்ணயிக்கிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை

• உணவு, இன்சுலின், ஆக்சிஜன், தயமின், பழுதற்ற மைட்டோகாண்ட்ரியா ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்தால்தான் உணவு முழுமையாக ஆற்றலாகும்.
• உண்டும் சோர்வு தீராதவருக்கு முதலில் தேவைப்படுவது பரிசோதனை. கூடுதல் உணவு அன்று.
• உண்ண இயலாத நாளிலும் மருத்துவரைக் கேளாமல் இன்சுலினை நிறுத்தக் கூடாது.

இப்பக்கத்தின் தகவல்கள் பொது விழிப்புணர்விற்கானவை. உங்கள் மருந்துகளிலோ உணவு முறையிலோ மாற்றம் செய்யும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.