மண்டியிட்டவர் இருவர்

மண்டியிடுதல் என்றால் அடங்கிப்போதல் என்றே கொள்வது வழக்கம். தமிழகச் சிற்பிகள் அவ்வளவில் நின்றாரல்லர்.

மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பு. அதன் உட்சுவரில் கொற்றவையின் காலடியில் இருவர் மண்டியிட்டுள்ளனர். ஒருவன் ஒரு கையால் தன் முடியைப் பற்றி, மறுகை வாளால் கழுத்தை அரிய முற்படுகின்றான். தேவியோ நிமிர்ந்தே நிற்கின்றாள். குனிந்து அவனைத் தொடவில்லை.

சின்னசேலத்துக்குத் தென்கிழக்கே, கங்கைகொண்ட சோழபுரத்தில், முதலாம் இராசேந்திரன் (1012–1044) எடுத்த கோயிலின் வடபுற வாயிலருகே வேறொரு காட்சி. கைகூப்பித் தலைதாழ்த்தியிருப்பவர் சண்டேசர். வழிபாட்டுப் பாற்குடத்தை உதைத்த தந்தையின் கால்களையே வெட்டியவர். உமையுடன் அமர்ந்த சிவபெருமான் தம் கையாலேயே அவர் தலையில் மாலையைச் சுற்றுகின்றார். அங்கே தலை கொடுக்கப்படுகின்றது, இங்கே சூட்டப்படுகின்றது.

மாலை பெறுபவர் இராசேந்திரனே என்பாரும் உளர். கவர்ச்சியான கருத்துத்தான். எனினும் சண்டேசரின் பெருமைக்கு மன்னன் முகம் வேண்டுவதில்லை. சோழர் காலத்தில் சிவன் கோயில் நிலங்களின் விற்பனை ‘சண்டேசுவரப் பெருவிலை’ எனக் கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டது. இறைவன் காலடியில் மண்டியிட்டவர் பெயராலேயே கோயில் நிலம் கைமாறியது.